சும்மா உட்கார்ந்தால் போதும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்களிடம் 'டபுள் சைக்கிள்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், இரண்டு ஹேண்டில் பார். சக்கரம் மட்டும் வழக்கம்போல இரண்டுதான். புதிதாகக் கல்யாணமானவர்கள்தான் அதிகம் எடுப்பார்கள். கணவன் முன்னால், மனைவி பின்னால், ஏரியைச் சுற்றி ஒரு வட்டம், இடையில் ஒரு போட்டோ. நானும் என் தோழியும் அதில் ஏறியபோது எங்களுக்கு முப்பத்தெட்டு வயது. மாணவிகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருந்தோம்.

எம்.ஏ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்போது நூல்களை வாசித்துக் கேசட்டில் பதிந்து கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். சேனாவரையம் முழுவதையும் என் குரலில் அவள் வைத்திருந்தாள். பரீட்சையில் என்னைவிடப் பதினோரு மதிப்பெண் கூடுதலாகவும் வாங்கினாள். இப்போது இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் நடத்துகிறோம்.

வண்டிக்காரர் அவளுடைய கைக்கோலைப் பார்த்தார். அவளிடம் பேசாமல் என்னிடம் சொன்னார்: "மேடம், அவங்க பின்னாடி சும்மா உட்கார்ந்தா போதும். நீங்க ஓட்டிக்கலாம்." எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ஏறிக்கொண்டேன்.

நூறு இருநூறு அடி நன்றாகத்தான் போனோம். ஒரு வேகத்தடை வந்தது. நான் மிதிப்பதை நிறுத்தி பிரேக்கைப் பிடித்தேன். இரட்டைச் சைக்கிளில் இரண்டு ஜோடி பெடலும் ஒரு செயினால் பிணைந்தவை. முன்னால் நின்றால் பின்னாலும் நிற்கும், முன்னால் சுற்றினால் பின்னாலும் சுற்றும். அவள் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்த நொடியில் பெடல் திடீரென்று நின்றது; வேகத்தடை பின்சக்கரத்தைத் தூக்கிப் போட்டது; கால் வழுக்கியது. நான் மறுபடி மிதிக்க, சுழன்று வந்த பெடல் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. கீழே விழவில்லை. செயின்தான் விழுந்தது. ஓரமாக நிறுத்தி, கசிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, "பின்னாடி உனக்குத் தெரியாதுதானே" என்று சமாதானமாகச் சொன்னேன்.

"கண்ணு இருக்கறவ உட்கார்ந்திருந்தா மட்டும் என்னடி தெரிஞ்சிருக்கும்? உன் முதுகுதான். வேகத்தடை வர்றது உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நடுவுல உன் வாய் ஒண்ணு இருக்கு இல்ல?"

இருபது வருடம் அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான். சாலையை வாசித்துக் காட்டத் தோன்றவில்லை. 'சும்மா உட்கார்ந்தால் போதும்' என்று யாரோ சொன்னதும் அவள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நானும் நம்பிவிட்டேன். அந்தக் காயம் தழும்பாக இன்னும் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கான தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது.

பெண்ணும் சைக்கிளும் என்று தேடினால் நிறையக் கிடைக்கும். 1896இல் சூசன் பி. ஆண்டனி ஒரு பேட்டியில் சைக்கிளையும் பெண் விடுதலையையும் சேர்த்துச் சொன்ன வாக்கியம் எல்லாக் கட்டுரைகளிலும் தவறாமல் வந்துவிடும். அதை இங்கே நான் எடுத்துப் போடப்போவதில்லை. அது தனியாக ஓட்டிப் போகிறவளைப் பற்றியது. ஒரே சட்டத்தில் இன்னொருவரோடு பூட்டப்பட்டு ஓட்டுகிறவளைப் பற்றிப் பேச்சே குறைவு. வாழ்க்கையில் நம்மில் பலர் ஓட்டுவது அந்த வண்டியைத்தான் என்றாலும்.

'டேண்டம்' என்ற பெயரே ஒரு சிலேடை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'கடைசியில், நெடுநேரம் கழித்து' என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் காலநீளத்தை இடநீளமாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரை பூட்டிய வண்டிக்கு அதை வைத்தார்கள். குதிரையிலிருந்து சைக்கிளுக்கு வந்தது. சிலேடை பாடும் நம் புலவர்களும் செய்திருக்கக்கூடிய வேலைதான்.

இருவர் ஓட்டும் வண்டி முதலில் முன்-பின்னாக அமையவில்லை. பக்கத்தில் பக்கமாகத்தான் பரவியது. 1870களின் கடைசியிலும் 1880களிலும் இங்கிலாந்தில் 'சோசியபிள்' என்ற மூன்று, நான்கு சக்கர வண்டிகள் ஓடின. ஒரே வரிசையில் இரண்டு இருக்கை, பேசிக்கொண்டே மிதிக்கலாம். நீண்ட பாவாடையோடு உயரச் சக்கரச் சைக்கிளில் ஏற முடியாத பெண்களுக்கு இது தோதாக இருந்தது. கோவென்ட்ரி நகரத்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி அப்படியொரு வண்டியில் தன் மகன் வில்லியத்தோடு போனார். மகன் இளைஞன், கால் பலம் அதிகம். அவன் பக்கச் சக்கரம் முந்த, வண்டி திரும்பிச் சாலையோரச் செடிக்குள் இறங்கிவிட்டது. அந்தத் தொல்லையிலிருந்து 1877இல் ஸ்டார்லி ஒரு பல்லிணைப்பை உருவாக்கினார். இருவரில் யார் எவ்வளவு மிதித்தாலும் இரு சக்கரத்துக்கும் விசை ஒத்துப் போகும்படிப் பங்கிடுவது. இன்றைக்குக் காருக்கும் லாரிக்கும் அடியில் இருக்கும் 'டிஃபரன்ஷியல்' அதே தத்துவம்தான். நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் கதை இது. ஒருவருடைய பலம் மற்றவரைப் பள்ளத்தில் தள்ளும்போது, 'நீ பலத்தைக் குறைத்துக்கொள்' என்றோ 'நீ அனுசரித்துப் போ' என்றோ சொல்லாமல், வண்டியை மாற்றினார்கள். அப்பா-மகன் விவகாரம் என்பதால் அப்படி நடந்ததோ என்னவோ.

சோசியபிள் அகலமானது, கனமானது. சந்திலும் கதவிலும் நுழையாது. 1885இல் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சம சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். நம் தெருவில் ஓடும் சைக்கிளின் பாட்டி. மறு வருடமே, 1886இல், பிக்கிள்ஸ்வேட் ஊர்ச் சைக்கிள் தயாரிப்பாளர் டான் ஆல்போனும் பத்திரிகையாளர் ஏ.ஜே. வில்சனும் அதை இருவருக்கு நீட்டினார்கள். வில்சன் காது கேளாதவர். 'டெஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஃபேட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். இதைத் தோழிக்குப் படித்துக் காட்டியபோது வெகுநேரம் சிரித்தாள். "காது கேக்காதவர் கண்டுபிடிச்ச வண்டி. அதான் உனக்குப் பேசணும்னு தோணல."

வண்டி நீளமானதும் ஒரு கேள்வி வந்தது. பக்கத்தில் பக்கமாக இருந்தபோது எழாத கேள்வி: யார் முன்னால்?

பெண்தான் முன்னால் என்பதே 1890களின் வழக்கம். முதன்முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணியமான ஆண் பெண்ணுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது. காட்சி அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் தடுமாறினால் பின்னாலிருப்பவர் பார்த்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் காரணங்கள். பாவாடையோடு ஏற வசதியாக முன்பக்கச் சட்டத்தின் மேல் குழாயைத் தாழ்த்தி வளைத்தார்கள். அதனால் சட்டத்தின் விறைப்பு குறைந்தது. ஏற்கெனவே நீளமான வண்டி, நடுவில் நெளியும். அதைச் சரிக்கட்ட வேறு குழாய்கள், கூடுதல் எடை. இத்தனையும் செய்து அவளை முன்னால் உட்கார வைத்தார்கள்.

ஆனால் இன்னொன்றும் செய்தார்கள். பின்னாலிருக்கும் ஆணின் ஹேண்டில் பாரிலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு கம்பியை இழுத்து இணைத்தார்கள். அவர் பின்னாலிருந்து திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். முன்னாலிருக்கும் பாரும் கூடவே திரும்பும்.

அந்தப் பெண்ணின் கையை நினைத்துப் பார்க்கிறேன். கையுறை போட்ட கை. பிடித்திருப்பது உண்மையான ஹேண்டில் பார்தான், பொம்மை அல்ல. அதை அவளும் திருப்பலாம். ஆனால் திருப்ப வேண்டியதில்லை, திருப்பக்கூடாது. ஏனென்றால் அது தானாகவே திரும்புகிறது. எதிரே பள்ளம் வருகிறது. அவள்தான் முதலில் பார்க்கிறாள். இடப்பக்கம் ஒதுங்க நினைக்கிறாள். கைக்குள் இருக்கும் இரும்பு வலப்பக்கம் போகிறது. அவளுடைய தோளையும் தொப்பியையும் தாண்டி எட்டிப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் பள்ளம் தெரிந்ததா? தெரியாது. தெருவில் நிற்பவர்களோ, "ஆகா, பெண் முன்னால் போகிறாள்" என்று பார்க்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் மோசமான ஏற்பாடு. பார்ப்பவர் ஒருவர், திருப்புபவர் ஒருவர், நடுவில் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும் கம்பி. ஆபத்து என்று தெரிந்தும் அதைத் தயாரித்து விற்றார்கள், வாங்கினார்கள். கைப்பிடியை அவளிடம் கொடுத்துவிட்டால் கம்பியே தேவைப்பட்டிருக்காது.

நம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவி நாற்காலியில் உட்கார, 'தலைவர்' என்று ஊரே அவள் கணவரைக் கூப்பிடுகிறதே, அந்தக் கம்பியைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? எல்லா ஊரிலும் அப்படியில்லை. கம்பியை அறுத்துப் போட்ட தலைவிகளும் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில்தான், 1892இல், ஹாரி டேக்கர் 'டெய்சி பெல்' பாட்டை எழுதினார். இருவர் சைக்கிளை உலகப் புகழாக்கிய பாட்டு. 1961இல் கணினியைப் பாட வைத்துப் பார்த்தபோதும் அதற்குக் கற்றுக்கொடுத்த பாட்டு இதுதான். கல்யாண ரதத்துக்குக் காசில்லாத காதலன் டெய்சியைச் சைக்கிள் இருக்கையில் ஏறச் சொல்லிக் கெஞ்சுகிறான். அந்த இருக்கையில் அவள் அழகாக இருப்பாள் என்பதுதான் சேதி. மிதிப்பாள் என்ற பேச்சு பல்லவியில் இல்லை. இன்னொரு ஜோடியும் எனக்கு நினைவு வருகிறது. 1895இல் கல்யாணம் செய்துகொண்ட மரியும் பியேர் கியூரியும் பரிசாக வந்த பணத்தில் சைக்கிள் வாங்கி அதிலேயே பிரான்சைச் சுற்றினார்கள். அவர்கள் வாங்கியது ஆளுக்கொரு சைக்கிள்.

கம்பி இணைப்பு நெடுநாள் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இருவர் சைக்கிளின் அமைப்பு இன்றைய வடிவத்துக்கு வந்தது. முன் இருப்பவர் கையில்தான் திருப்பம். பின் இருக்கையின் பார் அசையாமல் பொருத்தப்பட்டது, பிடித்துக்கொள்ள மட்டும். பொறியியல் சரியாயிற்று. கூடவே இடமும் மாறியது: கைப்பிடி முன்னால் போனதும் ஆணும் முன்னால் போனார், பெண் பின்னால் வந்தாள். முன்னால் இருந்தபோதும் அவளிடம் திருப்பம் இல்லை, பின்னால் வந்தபோதும் இல்லை. 1930களில் பிரிட்டனில் இந்த வண்டி மிகப் பிரபலம். உழைக்கும் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகும்; குழந்தை பிறந்ததும் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி வண்டியைப் பூட்டிக்கொள்வார்கள். அந்தப் பழைய புகைப்படங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் பின் இருக்கையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

முன் இருப்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேப்டன்'. பின் இருப்பவருக்கு 'ஸ்டோக்கர்'. கப்பலின் அடித்தட்டிலும் ரயில் எஞ்சினிலும் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிற தொழிலாளியின் பெயர் அது. அந்தப் பெயரை வைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், உண்மையை ஒளிக்காமல் வைத்ததற்கு. அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கரி போடுகிறார்கள். ஆனால் எவ்வளவு கரி என்று வெளியே தெரியாது. பெடல்கள் பிணைந்திருப்பதால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. 'பின்னாடி இருக்கறவங்க மிதிக்கிறாங்களா, ஏமாத்துறாங்களா?' என்ற கேலி எல்லா ஊரிலும் உண்டு. கேலி எப்போதும் பின் இருக்கையைப் பார்த்துத்தான். எங்கள் கல்லூரிக்குப் போகும் மேம்பாலத்தில் ஒருநாள் அவள் சொல்லாமல் மிதிப்பதை நிறுத்தினாள். பத்தடியில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. "இப்ப தெரியுதா?" என்றாள்.

ஆம், நாங்கள் வண்டியே வாங்கிவிட்டோம். புதுச்சேரிப் பக்கம் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் பழைய இரட்டைச் சைக்கிள் கிடைத்தது. எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெரு. கல்லூரி நான்கு கிலோமீட்டர்.

நம் ஊரில் இருவர் ஒரு சைக்கிளில் போவதற்குப் பெயர் 'டபுள்ஸ்'. அதில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் கேரியர். ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் இருக்கைக் கம்பியையும் ஒரு கையால் பையையும் பிடித்தபடி. பெடல் கிடையாது. பின்னால் திரும்பிப் பார்க்கவும் முடியாது, முன்னாலும் தெரியாது. என் அம்மா அப்படித்தான் பத்து வருடம் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போனாள். இறங்கியதும் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தக் கேரியரிலிருந்து இறங்கி முன் இருக்கைக்குப் போனது எப்போது என்று கேட்டால் நமக்குப் பதில் இருக்கிறது: 1991-92, புதுக்கோட்டை. அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராமச் செவிலியர்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பெண்கள் மணியடித்தபடி நகரத்துக்குள் வந்தார்கள். இந்தக் கதை நம் மாணவிகளுக்குத் தெரியும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நான் திரும்பத் திரும்பப் போவது ஒரு சின்ன விவரத்துக்கு. லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போனது. இருக்கைக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே. லண்டன் சீமாட்டிக்காக எந்தக் குழாயைத் தாழ்த்தினார்களோ அதே குழாயைப் புதுக்கோட்டைப் பெண் பயன்படுத்திக்கொண்டாள். முன்னால் பிள்ளை, பின்னால் குடம், நடுவில் அவள். ஓட்டியது அவள்.

இனி வண்டி விஷயம். பெண்கள் புத்தகத்தில் நட்டு போல்ட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். வண்டியைக் கடைக்காரர் கையில் விட்டுவிட்டுச் சுதந்திரம் பேசியதில் எனக்கு வெட்கம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

ஏறுவதில்தான் பாதி விபத்து. முன் இருப்பவர் வண்டியைக் கால்களுக்கிடையில் வைத்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, கால்களை நன்றாக அகட்டி நிற்க வேண்டும். அகட்டாவிட்டால் பின்னாலிருப்பவர் சுற்றும் பெடல் உங்கள் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். பிறகு பின்னாலிருப்பவர் ஏறி, இரண்டு காலையும் பெடலில் வைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் புறப்படும் நிலைக்குக் கொண்டுவருவார். "ரெடி" சொல்ல வேண்டியவர் அவர். முன்னாலிருப்பவர் அல்ல. சிக்னலில் நிற்கும்போதும் அவர் காலை இறக்கத் தேவையில்லை. தாங்குவது முன்னாலிருப்பவர் வேலை. அதனால் கனமானவர், உயரமானவர் முன்னால் இருப்பது சுலபம் என்பார்கள். நாங்கள் இருவரும் ஒரே எடை, அந்தப் பிரச்சினை இல்லை.

பிறகு பேச்சு. பள்ளம், மேடு, நிறுத்துகிறேன், மிதிக்காதே, கியர் மாற்றுகிறேன், இடது, வலது. எல்லாவற்றையும் நடப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நடந்த பிறகு சொன்னால் அது செய்தி. பின்னாலிருப்பவர் திடீரென்று சாய்ந்தாலோ திரும்பினாலோ வண்டி முழுவதும் ஆடும். எனவே அவரும் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். திருப்பத்துக்கு அகலம் வேண்டும். சந்துக்குள் நினைத்தபடி மடக்க முடியாது. கை காட்டுவது என் தோழியின் பொறுப்பு. முன்னால் நான் இரண்டு கையாலும் பிடித்திருக்க, நான் சொல்லும் பக்கம் அவள் கையை நீட்டுகிறாள். பார்வையில்லாத ஒருவர் கை காட்ட, பஸ் டிரைவர்கள் நின்று வழிவிடுகிறார்கள்.

உடை. ஆசிரியைகள் புடவையில்தான் வர வேண்டும் என்பது எங்கள் இடத்தில் எழுதாத சட்டம். இரட்டைச் சைக்கிளில் வலப்பக்கம் ஒரு செயின், இடப்பக்கம் முன்-பின் பெடலை இணைக்கும் இன்னொரு செயின். இடப்பக்கச் செயினுக்குப் பெரும்பாலும் மூடி இருக்காது. முந்தானையும் துப்பட்டாவும் எதில் மாட்டினாலும் இருவரும் சேர்ந்துதான் விழுவோம். சுடிதாரில் துப்பட்டா இல்லாமல் வந்து, கல்லூரியில் மாற்றிக்கொள்கிறோம். முதல் மாதம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தோம், வரலாற்றோடு. பிறகு யாரும் கேட்கவில்லை.

இறக்கம்தான் உண்மையான ஆபத்து. எடை இருமடங்கு, ஆனால் காற்று தடுப்பது ஏறக்குறைய ஓர் ஆளைத்தான், ஏனென்றால் மற்றவர் அவர் நிழலில் இருக்கிறார். அதனால் வண்டி பறக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, உள்ளே காற்று விரிந்து டியூப் வெடிக்கலாம். மலைப்பாதையில் போகிற வண்டிகளுக்கு இதற்காகவே மூன்றாவதாக ஒரு பிரேக், பின்சக்கரத்தின் நடுவில் டிரம்மாகவோ டிஸ்க்காகவோ வைப்பார்கள். அதன் கட்டுப்பாட்டைப் பலர் பின்னாலிருப்பவரிடம் கொடுக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் ஒரு டிரம் இருந்தது. அதன் லீவரை அவளுடைய பாருக்கு மாற்றினோம். மேம்பாலத்தின் மறுபக்கம் எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பது இப்போது அவள் முடிவு. காற்றின் சத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பராமரிப்பு முழுவதும் அவள் கையில். நான் கேட்டு வாங்கிக் கொடுக்கும் எடுபிடி. இடப்பக்கச் செயினை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு விரல் தடிமன் அளவு மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்று விழும். அதற்குக் கீழ் இறுகினால் பேரிங் தேயும். முன் பெடல் அச்சு மையம் விலகிய ஓர் உருளைக்குள் இருக்கிறது. உருளையைத் திருப்பினால் செயின் இறுகும். கொடைக்கானலில் கழன்ற செயினை அவசரமாக மாட்டினார்களே, அப்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கால் மேலே வரும்போது அவள் கால் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் உடனே சொன்னாள். நான்தான் 'உனக்கு அப்படித் தோணுது' என்றேன். முன் பெடலும் பின் பெடலும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று இப்போது மாதம் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள்.

நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பி. இரட்டைச் சைக்கிளுக்கு 40, சிலவற்றில் 48 கூட உண்டு. ஒரு கம்பி தளர்ந்தால் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், அதுவும் உடையும். அவள் சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி ஒவ்வொரு கம்பியையும் வீணைத் தந்தி போல விரலால் மீட்டுகிறாள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைப் பெரியவர் ஐம்பது வருடமாகக் கண்ணால் பெண்டு எடுத்தவர். "இது எனக்குத் தோணலியேம்மா" என்று அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

விளையாட்டு உலகத்தில் இந்த வண்டியின் கதை எப்படி என்று பார்த்தேன். ஒலிம்பிக்கில் இருவர் சைக்கிள் பந்தயம் 1908இல் இருந்தது. 1920 முதல் 1972 வரை தொடர்ந்தது. ஆண்களுக்கு மட்டும். ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் பெண்கள் நுழைந்ததே 1984இல். அதற்குள் இந்தப் போட்டி போய்விட்டது. பாராலிம்பிக்கில்தான் இது உயிரோடு இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள வீராங்கனை பின்னால், பார்வையுள்ள 'பைலட்' முன்னால். முடிவுப் பட்டியலில் பின்னாலிருப்பவர் பெயர்தான் முதலில் வரும். அயர்லாந்தின் கேட்டி-ஜார்ஜ் டன்லெவி, முன்னால் ஈவ் மெக்ரிஸ்டல்: 2016 ரியோவில் ஒரு தங்கம், 2021இல் நடந்த டோக்கியோவில் இரண்டு. பதக்கம் இருவருக்கும் உண்டு. ஆனால் யாருடைய பந்தயம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. கைப்பிடியைப் பிடித்திருப்பவர் அங்கே துணைக்கு வந்தவர்.

இதைப் படித்துக் காட்டிய அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் கேட்டாள்: "காலேஜ் கிரவுண்ட் காலியாத்தானே இருக்கும்? நான் முன்னாடி உட்கார்றேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, மைதானத்தில் கல் பொறுக்கி, இருவரும் ஹெல்மெட் மாட்டி, இருக்கை உயரம் மாற்றினோம். அவள் வண்டியைக் கால்களுக்கிடையில் தாங்கி நின்றாள், நான் சொல்லிக் கொடுக்காமலே கால்களை அகட்டி. நான் பின்னால் ஏறினேன். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிரே அவள் முதுகு, ஈரம் காயாத பின்னல். மைதானத்தின் கோல் போஸ்ட் எங்கே என்று பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது.

"ரெடி சொல்லுடி. நீதானே சொல்லணும்."

சொன்னேன். கிளம்பினோம். நேர், நேர், லேசா இடது, இன்னும் கொஞ்சம், நேர். மெதுவாகத்தான். கோல் போஸ்ட் நெருங்க நெருங்க என் கைகள் தாமாகவே பாரைத் திருப்பின. அது பொருத்தப்பட்ட பார், திரும்பாது. இருந்தும் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பி இருந்திருந்தால் அந்த நிமிடம் வண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன். வண்டி ஆடியது.

"பின்னாடி என்ன பண்ற நீ?" என்றாள் திரும்பாமல். "ஹேண்டிலை விடு. வாயால சொல்லு."

வலது என்றேன். கோல் போஸ்ட் எங்கள் இடப்பக்கமாகப் போனது.